கூர்ங்கல் காவலனின் கண்ணைத் தொடவேண்டாம்

நலம் பெருகுக. ஏழு ஆறுகளிலும் நீர் குன்றாது ஓடவும், எல்லைக் கற்கள் இடம்பெயராது நிற்கவும், மலைக்குடியும் கடற்குடியும் ஒரு குடைக்கீழ் உண்டு உறங்கவும் வாகைநாட்டை ஆளும் திருவாகைக் கோமான் மணிமுடியார் திருவாய் மலர்ந்தருள, அவர் திருவடி நிழலில் எழுத்தாணி பிடிக்கும் ஓலைநாயகம் நன்னாகன் எழுதுவது. வடமலை வாயிலின் தாழ் என விளங்கும் கூர்ங்கல் கோட்டைத் தலைவர் பெருஞ்சேந்தனார் கண்டு கைக்கொள்க. உம் கோட்டையும் குடியும் குதிரைகளும் நலமாகுக.

முதலில் ஒரு சொல். குன்றன் என்னும் காவலனின் கண்ணை, இந்த ஓலை உம் கைக்கு வந்த நொடியிலிருந்து யாரும் தொடவேண்டாம். இரும்பு உலையில் இருந்தால் வெளியே எடுத்துத் தண்ணீரில் போடச் சொல்லும். அதைச் சொல்லிவிட்டு வந்து அமர்ந்து மீதியைப் படியும். மீதி எங்கும் ஓடிப் போகாது.

சென்ற திங்கள் வடமலைக் கொள்ளையர் அந்திப்பொழுதில் கணவாய் வழியே இறங்கி ஆலம்பாடி, நெல்லிக்காடு என்னும் இரண்டு ஊர்களுக்குத் தீ வைத்ததையும், ஒன்பது பேர் மாண்டதையும், கணவாய்க் கோபுரத்தில் காவல் நின்ற குன்றன் முரசைத் தொடாமலே நின்றதையும் நீர் எழுதினீர். கண் இருந்தும் பாராதவனுக்குக் கண் எதற்கு என்று கேட்டீர். மன்னரும் சினத்தில் இசைந்தார். சென்ற ஆண்டு உம் கொல்லன் இரும்பு வைத்த மனிதன் புண் சீழ்பிடித்து எட்டாம் நாள் இறந்துபோனதால், இம்முறை ஊசி பிடிக்கத் தெரிந்த கண்மருத்துவர் ஒருவர் வேண்டும் என்றும், வளர்பிறை ஐந்தாம் நாளுக்குள் அவர் வராவிட்டால் கொல்லனே பார்த்துக்கொள்வான் என்றும் முடித்திருந்தீர். அப்படியே ஒருவரை அனுப்பும்படி கண்மருத்துவக் கணத்தாருக்கு ஓலை எழுதியது இதே கைதான். மறுசொல் சொல்லாமல் எழுதினோம். அதை எண்ணி இன்று வெட்கப்படுகிறோம்.

கணத்தாரை நீர் அறிவீர். அறுவடை முடிந்ததும் ஊர் ஊராகப் போய், மரத்தடியில் பாய் விரித்து, வந்தவர் கண்ணையெல்லாம் பார்ப்பவர்கள். புரை விழுந்தவருக்கு ஊசியால் புரை விலக்குபவர்கள். கொல்லர் தெருவுக்குத் தீப்பொறி தடுக்கும் கண்மறைப்பு வேண்டும், குளத்தில் கால்நடை இறங்காமல் வேலி வேண்டும் என்று ஆண்டு தவறாமல் அவைக்கு வந்து நச்சரிப்பவர்கள். நச்சரிப்பு என்பது நம் சொல். அவர்கள் அதை முறையீடு என்பார்கள். அவர்களுக்குள் ஒரு சூள், முறிக்கக் கூடாத உறுதிமொழி, உண்டு. ஒருவர் கண்ணில் கண்டதை அவரிடம் மட்டுமே சொல்வார்கள். அவர் இசைவில்லாமல் அது இன்னொரு காதுக்குப் போகாது. அரசன் கேட்டாலும் போகாது.

அந்தக் கணத்தின் தலைவி வெண்கோதையார். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளமானவர். உரக்கப் பேசமாட்டார், பேசத் தொடங்கினால் விடவும் மாட்டார். நம் ஓலை போனதும் கணத்தார் கூடி, ஊசி புரையை விலக்க உண்டானதே அன்றிப் பார்வையைப் பறிக்க அன்று, எங்களில் எவரும் வரமாட்டோம் என்று ஒருமனப்பட முடிவு செய்து, மறுமொழி சொல்லும் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். அந்த முடிவைச் சொல்ல அவர் அஞ்சவில்லை. அவரை வருத்தியது வேறொன்று. ஓலையில் இருந்த குன்றன் என்னும் பெயரை அவர் அறிவார். நான்கு திங்களுக்கு முன் நெல்லிக்காட்டுப் புளியமரத்தடியில், பின்னால் எரிந்துபோன அதே ஊரில், தம் பாயில் உட்கார்ந்து கண்ணைக் காட்டியவன் அவன்.

அவனுக்கு இருந்தது மாலைக்கண். பகலில் பருந்து மாதிரி பார்ப்பான். பொழுது சாய்ந்தால் தன் கைவிரல் தனக்குத் தெரியாது. ஆட்டு ஈரலும் முருங்கைக் கீரையும் தின்னச் சொல்லி, உம்மிடம் பகல் காவல் கேட்கச் சொல்லி அவர் அனுப்பினார். அவனோ அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “வெளிய தெரிஞ்சா வேலையை விட்டுத் துரத்திருவாங்க ஆத்தா, யாருகிட்டயும் வாய விட்றாதீங்க” என்று அழுதிருக்கிறான். அவர் சூளைக் காத்தார். அடுத்த ஊருக்குப் போனார். அந்த ஒன்பது பேரில் இருவர் அன்று அவருக்குச் சோறு போட்டவர்கள். இதை அவரே நம்மிடம் சொன்னார்.

நேற்றுப் பிற்பகல் அவை கூடியது. உம் தூதன் கடம்பன், மருத்துவரை விரைந்து அனுப்பக் கேட்கும் உம் இரண்டாம் ஓலையோடு வந்து நின்றான். வெண்கோதையார் கணத்தின் முடிவைச் சொன்னார். மன்னர் முகம் சிவந்தது. கணத்துக்குத் தம் பாட்டனார் கொடுத்த பட்டயத்தைத் திரும்ப வாங்குவதாகவும், நாளை முதல் வாகைநாட்டில் கணத்தார் எவரும் ஊசி எடுக்கக் கூடாது என்றும் அருளிச்செய்தார். நாடு முழுவதும் புரையோடு காத்திருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று அவையில் பலர் நினைத்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாமும்தான்.

அப்போது அந்த அம்மையார் தம் இடுப்பிலிருந்த ஊசிக்குழலை அவிழ்த்தார். அது கணத்தலைவியின் அடையாளம். பின்னால் நின்ற கணத்தார் முன் அதைத் தரையில் வைத்து, தாம் இப்போது சூளை முறிக்கப் போவதாகவும், அதற்கான தண்டனையைக் கணம் பிறகு சொல்லட்டும் என்றும் அறிவித்துவிட்டு, குன்றனின் கண்ணைப் பற்றி முழுவதும் சொன்னார். அவன் பார்க்க மறுக்கவில்லை, அவனால் பார்க்க முடியவில்லை. அது எனக்குத் தெரிந்திருந்தும் வாய்மூடி இருந்தேன். ஒன்பது உயிர் போனதில் எனக்கும் பங்கு உண்டு என்றார்.

உம் தூதன் விடவில்லை. சூளை முறித்தவளின் சொல்லை யார் நம்புவது என்றான். மருத்துவச்சி ஒரு குற்றவாளியைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்றான். “எங்க கோட்டையில அத்தன பேரு கண்ணும் அப்பழுக்கில்லாத கண்ணுங்க, மகாராசா” என்று மூன்று முறை சொன்னான். அவன் பேச்சு எடுபட்டது என்பதை நாம் மறைக்கவில்லை. குன்றனோ இங்கே இல்லை, மூன்று நாள் வழிக்கு அப்பால் உம் சிறையில் இருக்கிறான். அவன் கண்ணை இங்கே யார் சோதிப்பது? வெண்கோதையாரிடம் வேறு சான்று இல்லை. அவர் தம் பெயரையும் இழந்தார், சூளையும் இழந்தார்; குன்றனின் கண்களோ இன்னும் காப்பாற்றப்படவில்லை.

வாதம் நீண்டு பொழுது சாய்ந்தது. அந்திமுரசு முழங்கும் முன் அவையில் விளக்கேற்றும் வழக்கம் இல்லை என்பது உமக்குத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் மன்னர் அரியணையை விட்டு எழுந்து மேற்குச் சாளரத்தருகே போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நாங்கள் அனைவரும் அந்தப் பக்கம் திரும்பினோம். கடம்பன் மட்டும் திரும்பவில்லை. வெறும் அரியணையைப் பார்த்துக் கைகூப்பி, தலை வணங்கி, மகாராசா மகாராசா என்று பேசிக்கொண்டே இருந்தான்.

அவை திகைத்தது. மன்னரை இகழ்கிறான் என்றே எல்லாரும் எண்ணினோம். மெய்க்காப்பாளர் இருவர் வாளில் கை வைத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்கள். அவனோ அவர்கள் வருவதையும் பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நடப்பது இன்னது என்று புரிந்தவர் வெண்கோதையார் ஒருவரே.

அவர் அதை அங்கேயே கூவியிருக்கலாம். கூவியிருந்தால் வழக்கு அந்த நொடியே முடிந்திருக்கும். சூளை ஒருமுறை முறித்தாயிற்றே, இரண்டாம் முறைக்கு என்ன தயக்கம் என்று நாம் இன்று காலை கேட்டோம். குன்றன் தொலைவில் இருக்கிறான், அவனைக் கேட்க வழி இல்லை. இவன் எதிரிலேயே நிற்கிறான், இவனைக் கேட்காமல் எப்படிச் சொல்வது என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டார். நேற்று அவையில் வாளேந்தியவர்கள் நெருங்குமுன் அவர் போய்ச் சேர்ந்தார். கடம்பனின் காதருகே ஏதோ சொன்னார். அவர் அவன் முழங்கையைப் பிடித்துச் சாளரத்தின் பக்கம் திருப்பிவிட்டு, ஒரு அடி விலகி நின்றுகொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

ஒப்புக்கொண்டால் அவன் வேலை போகும். உம் சினமும் அவன் தலையில் இறங்கும். கடைசியில் அவன் சொன்னதைச் சொன்னபடியே பொறிக்கிறோம்.

“மகாராசா எந்தப் பக்கம் நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியலீங்க. பொழுது விழுந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. நான் மட்டுமில்லீங்க, கோட்டையில எனக்குத் தெரிஞ்சு பதினோரு பேருக்கு இப்படித்தானுங்க. ஒருத்தன் தோள ஒருத்தன் புடிச்சுக்கிட்டுத்தான் காவலுக்குப் போறோம்.”

வெண்கோதையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “என்னப்பா சாப்பிடுறீங்க அங்க?” அவன் சொன்னான். மலைக்குடிகளை ஒற்றர் என ஐயுற்று நீர் கீழ்வாயிலை அடைத்து எட்டுத் திங்கள் ஆகிறது. கீரை கொண்டுவருவோர் இல்லை, ஆடு ஓட்டிவருவோர் இல்லை. எட்டுத் திங்களாக உம் வீரர்கள் குடித்தது பழைய வரகுக் கஞ்சி. அந்தக் கஞ்சியில்தான் கூர்ங்கல்லின் கண்கள் ஒவ்வொன்றாக அவிந்தன, பெருஞ்சேந்தனாரே. கொள்ளையர் வந்த அந்தியில் கோபுரத்தில் குன்றனுக்குப் பதில் இந்தக் கடம்பன் நின்றிருந்தாலும் முரசு ஒலித்திராது.

மன்னர் திரும்பி வந்து அமரவில்லை. நின்றபடியே அருளிச்செய்தார். அந்த ஆணை இது.

குன்றன் மீதான தீர்ப்பு நீங்கியது. கண்ணைப் பறிக்கும் தண்டனை வாகைநாட்டில் இன்றோடு ஒழிந்தது. இனி எக்கோட்டையிலும் அதற்கென ஊசியோ இரும்போ காய்ச்சப்படாது. கணத்தாரின் பட்டயம் அவர்களிடமே இருக்கும். அவர்கள் நெடுநாளாக வேண்டியபடி, காவல் நிற்பவர் கண்களை ஆண்டுக்கு இருமுறை அந்திவேளையில் பார்ப்பார்கள். பார்த்தபின் கோட்டைத் தலைவரிடம் பகல் காவல் அல்லது இரவுக் காவல் என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்வார்கள். காரணம் கேட்க உமக்கு உரிமை இல்லை. பகல் காவலுக்கு மாறியவனுக்குச் சோறும் பதவியும் குறையக் கூடாது. மறைத்தால்தான் பிழைப்பு என்ற நிலை இருக்கும்வரை எவனும் உண்மை சொல்லமாட்டான் என்று வெண்கோதையார் சொன்னதை மன்னர் ஏற்றார்.

வெண்கோதையாருக்கும் மன்னர் விதித்த தண்டனை உண்டு. ஆலம்பாடியிலும் நெல்லிக்காட்டிலும் மாண்டவர் வீடு ஒவ்வொன்றுக்கும் அவரே சென்று, தமக்குத் தெரிந்திருந்ததையும் சொல்லாமல் இருந்ததையும் அவர்கள் முகம் பார்த்துச் சொல்லவேண்டும். வேறு எந்தத் தண்டனையையும் விட இது தமக்குக் கடினம் என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசிக்குழலைக் கணத்தார் இன்னும் அவரிடம் திருப்பித் தரவில்லை. தருவதும் மறுப்பதும் அவர்கள் பாடு.

நீர் செய்யவேண்டியது: கீழ்வாயிலை இன்றே திறவும். கீரையும் ஆடும் வரட்டும். அந்தப் பதினொருவரும் தாமாகவே வெண்கோதையார்முன் போகட்டும்; பெயர் கேட்கவேண்டாம், பழி சொல்லவேண்டாம்.

இன்று வளர்பிறை இரண்டாம் நாள். நல்ல குதிரைக்கு மூன்று நாள் வழி. நடுவில் செம்மணலாற்றில் வெள்ளம் என்கிறார்கள். இந்த ஓலையோடு வெண்கோதையாரும் கடம்பனும் புறப்படுகிறார்கள். பகலில் வழி தெரிந்த கடம்பன் முன்னே போவான். பொழுது சாய்ந்ததும் அவர் அவன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்வார். எங்கும் தங்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். நீர் ஐந்தாம் நாள் என்று எழுதினீர். காலையா மாலையா என்று எழுதவில்லை.

ஓலை முந்தினால், குன்றனின் தளையை உம் கையாலேயே கழற்றும். 

ஓலை பிந்தினால், வெண்கோதையாரிடம் புண்ணுக்கு மருந்தும் மெல்லிய வெண்துணியும் இருக்கின்றன; அவனைச் சாகவிடமாட்டேன் என்று மன்னரிடம் சொல்லியிருக்கிறார். அவர் மருந்து இடும்போதெல்லாம் நீர் தரையில் அமர்ந்து, அவன் தலையை உம் மடியில் அசையாமல் பிடித்திருக்கவேண்டும். போதும் என்று அவர் சொல்லும்வரை, எத்தனை நாளானாலும், வேறொருவரை அமர்த்தாமல். இது யார் மடி என்று அவன் கேட்டால், உம் பெயரைச் சொல்லும்.

இது திருவாகைக் கோமான் ஆணை. அரக்கு உருகி முத்திரை பதிந்தது. குதிரைகள் வாயிலில் நிற்கின்றன.