காலண்டர் தாள் தோட்டா

எஹலியகொட

என் செல்ல மகள் கிருஷ்ணகுமாரிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் சுகம். மரவள்ளியைத் தின்ன வரும் காட்டுப்பன்றிகளும் நல்ல சுகம். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனில் வாயைத் திறந்தாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான், லீவு முடிந்து நீ இருக்கிற ஜோர்தானுக்கே திரும்பும் ஸாஹிராவிடம் இதையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்துவிடுகிறேன். ஊறுகாயை ஒரே வாரத்தில் தீர்த்துவிடாதே.

அப்பா அடுத்த வீட்டு ஐயாவு அண்ணனைச் சுட்டுவிட்டார் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுட்டது அண்ணனை அல்ல, அவருடைய கூடையை. பொழுது சாயும் நேரத்தில் அவர் நம் மரவள்ளித் தோட்டத் துண்டுக்குப் பக்கத்தில் குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தார். அப்பா பன்றி என்று நினைத்துவிட்டார். "கூடதானே தங்கச்சி, வேற பின்னிக்கிறேன்" என்று அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால்?

கண்ணில் தூசி என்று அப்பா உன்னிடம் சொன்னது பொய். சொட்டு மருந்து விட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தை நான் தவறாமல் விடுகிறேன்.

துவக்கைப் பொலிசில் ஒப்படைக்கச் சொல்லி நீ அனுப்பிய வாய்ஸை நல்லவேளையாக நான் மட்டும்தான் கேட்டேன். நீ சொல்வது நியாயம்தான். ஆனால் தோட்டத்துக் காவல் வாச்சர் வேலையை விட்டு வந்த மனுஷனுக்கு லைசன்ஸோடு மிச்சமிருப்பது அந்தத் துவக்கு ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க என்னால் முடியாது. அதனால் வேறு வழி பார்த்தேன்.

நம்முடையது குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய துவக்கு. கண் மங்கியதிலிருந்து பாதி மருந்து அவர் காலடியில்தான் கொட்டியது. அதனால் கூடைச் சம்பவத்துக்கு முன்பே தோட்டா சுற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். குழலுக்குள் போகும் அளவுக்குச் சீவிய கம்பில் தாளைச் சுற்றி, ஒரு முனையை நூலால் கட்டி, ஈயக்குண்டும் அதன்மேல் மருந்தும் போட்டு வாலை மடித்தால் முடிந்தது. அவர் வாலைக் கிழித்து மருந்தைக் கொட்டி, மிச்சத்தைத் தாளோடு உள்ளே தள்ளிக் கெட்டிக்க வேண்டியதுதான். கொழுக்கட்டை பிடிக்கிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

கூடை ஓட்டையான மறுநாள் நான் ஈயத்தை விட்டுவிட்டுத் தவிடு போட்டேன். பழைய ஈயத் தோட்டாவெல்லாம் சிங்களப் பத்திரிகைத் தாளில் சுற்றியது. அவற்றை டின்னில் போட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். தவிட்டுத் தோட்டாவைக் கோயில் காலண்டர் தாளில் சுற்றினேன், எனக்கே குழப்பம் வரக்கூடாதே. பருமனும் கட்டும் ஒன்றுபோலவே இருக்கும். வெடித்தால் மலையே அதிரும், பன்றிக்கு அந்தச் சத்தம் போதும். அப்பா திரும்பி வந்து, "மயிரிழையில தப்பிச்சிருச்சு புள்ள" என்பார். "அடுத்த தடவ பாத்துக்கலாங்க" என்று நானும் தேற்றுவேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே அவ்வளவு பெருமை.

போன சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். பஸ் பிந்திவிட்டது. வந்து பார்த்தால் ஆணியில் துவக்கு இல்லை. அவருடைய தோட்டாப் பையில் காலண்டர் தோட்டா தீர்ந்திருக்கிறது, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் டின் திறந்து கிடக்கிறது. ஐயாவு அண்ணன் புல் அறுக்கும் நேரம். சாமான்களை வாசலிலேயே போட்டுவிட்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன்.

அப்பா பாறைமேல் உட்கார்ந்திருந்தார். துவக்கு வெறுமனே மடியில் கிடந்தது. கீழே மரவள்ளிக்குள் ஏதோ சலசலத்தது. அவர் உள்ளங்கையில் பத்திரிகைத் தாள் தோட்டா ஒன்று இருந்தது. "இது கனக்குது இருளாயி. கீழ பன்னிதான்னு நெனைக்கிறேன். ஐயாவுவா இருந்துட்டா? இது வேணாம். நீ காலண்டர்ல சுத்துறதே போதும்" என்றார்.

முதல் காலண்டர் தோட்டாவைத் தொட்டபோதே தெரியுமாம். ஈயம் தூக்கின கைக்குத் தவிடு தெரியாதா என்று என்னையே கேலி செய்தார். நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். பன்றி ஒரு பாத்தியைத் தின்றுவிட்டது. தின்றுவிட்டுப் போகட்டும். டின்னில் இருந்ததையெல்லாம் அவரே பிரித்து ஈயத்தை என் கையில் கொட்டிவிட்டார்.

வரும் வழியில் ஒன்று சொன்னார். "பெரியவகிட்ட சொல்லிராத. அப்பா இன்னும் பன்னி அடிக்கிறாருன்னே அது நெனச்சிக்கிட்டு இருக்கட்டும்." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உனக்கு இதை எழுதுகிறேன்.

இனி நீ பயப்பட ஒன்றுமில்லை, அம்மா இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் எடுத்து, பன்றி மயிரிழையில் தப்பியது என்பார். கண்ணைப் பற்றிக் கேட்காதே, அழவும் அழாதே. "எவ்வளவு பெருசுப்பா?" என்று மட்டும் கேள். போனில் தெரியாது என்பதை மறந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். உனக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாரியம்மன் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும்.

உன் அம்மா,
இருளாயி