போகிற வழியில் ஜாம்பியா

1976 ஆகஸ்ட் 3, செவ்வாய்

ஆடிக் காற்று. காலையில் கூட்டிய வாசல், காபி குடித்து வருவதற்குள் மறுபடி மண். காயப்போட்ட மிளகாய் பாதி பக்கத்துத் தோப்பில்.

மாலை எங்கள் வீட்டில் இவருடைய நண்பர்கள் கூட்டம். பதினோரு பேர். வருடம் ஒரு ஊர் சுற்றுவார்கள். போன வருடம் காஷ்மீர், ஆண்கள் மட்டும். இந்த வருடம் ஆப்பிரிக்கா, காட்டு மிருகம் பார்க்க, குடும்பத்தோடு. ருக்மணி அக்கா தன் வீட்டுக்காரரிடம் போட்ட சண்டையில் கிடைத்த 'குடும்பத்தோடு'. அவர்தான் எல்லாவற்றுக்கும் தலைவர், கொழிஞ்சாம்பாறை பஞ்சு மில்காரர். ஊருக்கே மில்லண்ணன். (இனி மி.அ. அந்த மரியாதை போதும்.)

எந்த நாடு என்று பேச்சு. மி.அ. கென்யா என்றார், எல்லாரும் அங்கேதான் போகிறார்களாம். அகளிக்கார மரக் கான்ட்ராக்டர் சிங்கத்தைச் சுட விடுகிற நாடு எது என்று கேட்டார். பஜ்ஜி கொண்டுபோன நான் வாயைத் திறந்தேன்.

"ஜாம்பியாவுல என்ற தங்கச்சி இருக்கறாளுங்க. ஊட்டுக்காரரு அங்க கணக்கு வாத்தியார். சிங்கம், யானை எல்லாம் அங்கயும் இருக்குதுங்க. பெரிய அருவி வேற. நம்ம சோறும் கெடைக்கும்."

சோறு என்றதும் பதினோரு தலையும் திரும்பின.

உண்மைக் காரணம் இங்கே மட்டும் எழுதுகிறேன். சரோஜாவுக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவம். அம்மா இல்லை. தாய் வீடென்று அவளுக்கு இருப்பது நான்தான், நடுவில் ஒரு கடல். கிளம்புவது அக்டோபர் 4. அவளுக்கு நாள் அக்டோபர் நடுவில். எல்லாரும் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும். நான் அவள் பக்கத்தில் இருப்பேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

காற்று நிற்கவில்லை. தென்னை மட்டை விழுந்து ஓடு மூன்று போச்சு.

இரண்டாம் கூட்டம். என் பள்ளிக்கூட அட்லஸைத் தூக்கிக்கொண்டு போனேன். கென்யா மேலே, ஜாம்பியா கீழே, நடுவில் டான்சானியா முழுசாக. விரல் வைத்துக் காட்டினேன். இவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். கான்ட்ராக்டர் கேட்டது: "இதுல நம்ம அகளி எங்கீங்க?"

பக்கத்து நாட்டில் சண்டை என்று பேப்பரில் வருவதாக மி.அ. இழுத்தார். அது தெற்கு எல்லையில், சரோஜா இருப்பது காப்வேயில், நடு நாட்டில் என்றேன். கடைசியில் அவரே, "அம்மிணி சொல்றதுதானுங்க செரி. ஜாம்பியாவே போலாம்."

கை தூக்கினார்கள். முடிந்தது! சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

வாங்க வேண்டியது: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நெய். பிரசவ லேகியம் அம்மா கிண்டுகிற பதம் எனக்குத் தெரியும். எண்ணெய்த் துணி. பழைய மல் வேட்டி, குழந்தைக்கு.

பாஸ்போர்ட் அபேக்ஷையில் எந்தெந்த நாடு என்று எழுத வேண்டும். என் கையாலேயே எழுதினேன், ஜாம்பியா என்று. சரோஜாவுக்குக் கடிதம் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

மழை தூறி நின்றது. புழுக்கம். தலை வலி.

ருக்மணி அக்கா வந்தாள். உட்காரவே இல்லை. "பொம்பளைங்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்கொ அம்மிணி. காட்டுல நமக்கு வசதிப்படாதாமா."

"நீங்க சும்மாவா இருந்தீங்க?"

"ஊட்டுல ஒரு சிங்கத்தக் கட்டிட்டு மாரடிக்கறது பத்தாதா? போய்த் தொலையட்டும்னு உட்டுட்டேன்."

மத்தியானம் இவர் ரசம் ஊற்றிக்கொள்கிற நேரத்தில் கேட்டேன். முகத்தைப் பார்க்காமலே பதில். வெளிநாட்டுப் பணம் சர்க்கார் அளந்துதான் தருமாம், ஓட்டலுக்கே கட்டாதாம்.

"அப்பறம் நீங்க மட்டும் எப்படீங்க போறீங்க?"

"அதுக்குத்தான சரோஜா ஊடு இருக்குது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கரண்டியைக் கீழே வைத்தேன், வைக்காவிட்டால் என்ன செய்திருப்பேனோ. பதினோரு தடியன்கள். இரண்டு அறை குவார்ட்டர்ஸ். நிறைமாதக்காரி.

"அவளுக்கு நாள் நெருங்கிருச்சுங்க. உங்களுக்கெல்லாம் அவளா வடிச்சுக் கொட்டுவா?"

"ஊர்ல எவளும் பெக்கறதில்லையா? ரெண்டு படி அரிசி சேத்திப் போட்டா ஆச்சு. சொந்தக்காரங்க ஊடு இருக்கறப்ப ஓட்டல்ல தங்குனா சகலைக்கு மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிருமல்ல." கையைக் கழுவிக்கொண்டே, "கடுதாசி போட்டுட்டேன்" என்றார்.

நம்ம சோறும் கிடைக்கும் என்று நான் சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது. இந்த வாயில் கொள்ளி வைக்க.

செப்டம்பர் 14, செவ்வாய்

வெயில். லேகியம் கிண்டினேன், வெண்கல உருளியில். கை வலி. பதம் சரி.

சரோஜா கடிதம். கால் வீங்கி இருக்கிறதாம். கடையில் எண்ணெய் வருவதே இல்லை, வந்தால் காலையிலிருந்து வரிசையாம். அப்புறம் இது: "மாமா எழுதியிருந்தார். பதினோரு பேருக்கும் பாய் கேட்டு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா பெரிய சட்டி தருவதாகச் சொன்னார்கள். நீ வருகிறாய் என்றதும் எனக்குப் பயமெல்லாம் போய்விட்டது அக்கா."

வீங்கின காலோடு வீடு வீடாகப் போய்ப் பாய் கேட்டிருக்கிறது அந்தப் பைத்தியம். நான் வரவில்லை என்று இன்னும் எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை.

கடிதத்தை இவர் முன்னால் வைத்தேன். படித்தார். கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. "செரி புள்ள, அழுகாத. நீயும் வா. நான் மில்லண்ணங்கிட்டச் சொல்லிக்கறேன். ரெண்டு பேருமாச் சமைச்சுக்கங்க."

நான் அழவே இல்லை. கோபத்தில் கண் கலங்கினால் இவருக்கு அது அழுகை.

ஆனால் போகலாம். பதினோரு பேருக்குப் பொங்கிப் போட்டால் அவளைப் பார்க்கலாம். போய்விடலாமா? கூட இருப்பேனே. அவள் வலியில் கத்துகிறபோது நான் அடுத்த அறையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன். அவள் படுக்க மூலை இருக்குமா? ஆனாலும் கூட இருப்பேனே. சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 19, ஞாயிறு

மேகம். மழை இல்லை. புரட்டாசி பிறந்தாயிற்று, மி.அ. கறி தொடமாட்டார், பூண்டு தொடமாட்டார்.

முன்பணம் கட்டுகிற கூட்டம். காபியும் பஜ்ஜியும் கொடுத்துக்கொண்டே வந்தேன். பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். சத்தியமாக. மி.அ. கேட்டார்: "ஏனுங் அம்மிணி, அங்க ஆட்டாங்கல்லு இருக்குதுங்களா? எனக்குக் காலைல இட்லி இல்லீன்னா ஆகாதுங்க."

தட்டை நடுவில் வைத்தேன்.

"இருக்குமுங்க. நீங்க ஆட்டிக் குடுங்க. என்ற தங்கச்சி நெறமாசம். நீங்க போய் எறங்கறப்பதான் அவளுக்கு நோவு வரும். அதனால ஆளுக்கொரு வேலை பிரிச்சுக்கோணும். மில்லண்ணன் இட்லிக்கு ஆட்டிட்டு வெந்நித் தண்ணி வெப்பாரு. கான்ட்ராக்டர் கொழந்தத் துணி அலசட்டும். என்ற ஊட்டுக்காரரு எண்ணெய்க்கு வரிசையில நிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். "அம்மிணிக்கு நல்ல வாயிங்க!" இவரும் சிரித்தார், என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே. ஒருத்தருக்குக்கூட நான் விளையாடவில்லை என்று தெரியவில்லை. கால் வீக்கம் சொன்னேன். இரண்டு அறை சொன்னேன். எண்ணெய் சொன்னேன். சிரித்துக்கொண்டே பஜ்ஜி தின்றார்கள்.

மி.அ. மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார். "நாம இருக்கறப்பவே பெத்துருமுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அது தீட்டு ஊடல்லங்க?"

சிரிப்பு நின்றது. புரட்டாசியில், விரதத்தில், பெற்ற வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கலாமா? கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் பழனிக்கு ஒரு வேண்டுதலாம்.

"பதினாறு நாளைக்குத் தீட்டுங்க," என்றேன் நான்.

காபி ஆறுவதற்குள் கென்யா. நைரோபியில் மி.அ.வுக்குப் பஞ்சு விற்கிற சேட்டு இருக்கிறாராம், பெரிய மாடி வீடாம். அங்கே யாரோ ஒருத்தி இனி அரிசி கழுவப் போகிறாள்.

அவள் வலிக்கு ஒருவரும் அசையவில்லை. தீட்டுக்குப் பதினோரு பேரும் எழுந்து ஓடினார்கள். த்தூ!

எல்லாரும் போன பிறகு இவர்: "மானத்த வாங்கிட்டியே. இப்ப நீயும் போக முடியாது, தெரிஞ்சுக்க." தெரியும். வாயைத் திறந்தபோதே தெரியும்.

சரோஜாவுக்கு எழுதினேன். பாயைத் திருப்பிக் கொடு என்று மட்டும். மற்றது எழுதவில்லை.

செப்டம்பர் 24, வெள்ளி

நல்ல மழை, ஒரு வழியாக. கிணற்றில் தண்ணீர் இரண்டு படி ஏறியிருக்கிறது.

ரிஜிஸ்டர் தபாலில் என் பாஸ்போர்ட். போட்டோவில் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன். உள்ளே நாடுகளின் பெயர். ஜாம்பியா இருக்கிறது, மசியில், அழகாக.

"நான் தனியாப் போய்ட்டு வர்றனுங்க," என்றேன்.

"பொம்பள தனியா ஏரோப்ளேன்லயா? பீரோவுல வெய்யி. அடுத்த வருசம் பாக்கலாம்."

அடுத்த வருடம் அந்தக் குழந்தை நடக்கும்.

அக்டோபர் 3, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. இவருக்கு மூட்டை கட்டுகிற நாள். ஸ்வெட்டர், தெர்மாஸ், பருப்புப் பொடி, பைனாகுலர் (இரவல்).

நான்காம் தடவை பையைத் திறந்தபோது உள்ளே லேகிய ஜாடி. நான் வைக்கவில்லை.

"நாந்தான் வெச்சேன் புள்ள. பாவம், ஆசையாக் கிண்டி வெச்சிருக்கறே. போற வழில சரோஜாகிட்டக் குடுத்தர்றேன்."

"நீங்க போறது கென்யாவுக்குங்க."

"ஆமா. எல்லாம் ஆப்பிரிக்காதான? கோயமுத்தூர் போறவன் வழில வாளையார்ல எறங்கிட்டுப் போறாப்பல."

இரண்டு மாதம். அட்லஸ் இந்த மேஜையிலேயே கிடந்தது. விரல் வைத்துக் காட்டினேன். மனுஷன் நிஜமாகவே நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஜாடியை வெளியே எடுத்தேன். "வேண்டாங்க. நானே கொண்டு போய்க் குடுத்துக்கறேன்."

சிரித்தார். "எதுல? மாட்டு வண்டியிலயா?"

ஜாடி என் பெட்டியில். எண்ணெய்த் துணியும் மல் வேட்டியும் அதில்தான். பாஸ்போர்ட்டும். அம்மா போட்ட தங்க வளையல் ஆறும் கையில் இருக்கட்டும், தேவைப்படும்.

நாளைக் காலை விமானத்துக்கு இவரை விட்டுவர கார் கோயமுத்தூர் போகிறது. வழியனுப்ப நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், சந்தோஷப்பட்டார். டிக்கெட் போட்ட டிராவல்ஸ் ஆபீஸ் திரும்பி வருகிற வழியில்தான் இருக்கிறது.