தலைக்கு மேல் காலடி

அம்மாவுக்கு, சத் ஸ்ரீ அகால். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

கனடா வந்து, பிராம்ப்டனில் எனக்குக் கிடைத்தது தரைக்குக் கீழே ஒரே அறை. நீங்கள் தந்த குருபாணிப் புத்தகத்தைப் பட்டில் சுற்றி உயரத் தட்டில் வைத்தும் மனம் ஆறவில்லை. நேர் மேலே வீட்டுக்கார ஜஸ்மேல் ஆன்ட்டியின் கூடம், குருவின் வாக்குக்கு மேலேயே வீட்டார் ஓயாமல் நடப்பார்கள். நேற்று அதை ஆன்ட்டியிடம் சொல்லியேவிட்டேன்.

"ஏண்டி, ஆறு மாசமா குருவோட வாக்கு மேல எங்களை மிதிக்க விட்டுட்டு இப்பவா வாயத் திறக்குற?" என்று திட்டினார். உடனே டிவியைப் பின்னறைக்கு மாற்றி, கூடத்தையே பூட்டிவிட்டார்.

இப்போது மேலே சத்தமே இல்லை. எனக்குத்தான் உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

புத்தகத்துக்கு மாற்றிச் சுற்ற ஒரு மஞ்சள் பட்டுத்துணி அனுப்புங்கள். போன் பேசி முடித்ததும் வைத்துவிடாதீர்கள். அப்படியே சமையலறையில் கொஞ்சம் நடங்கள், காலடிச் சத்தம் எனக்குக் கேட்கும்படி. வலித்தால் மெதுவாக.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
ரமணீக்