மிஸ் டோராவின் கோணல் முட்டை

எஸ்மண்ட்,

நான் சர்ச்சுக்குக் கிளம்பிட்டேன். பொரிச்ச மீன் அடுப்புப் பக்கத்துல மூடி இருக்கு, பன்னும் சீஸும் அலமாரியில. கோழிக்கூட்டுச் சாவியைத் தேடாதே, அது என்கிட்ட.

ஜன்னல்ல இருக்கிற கண்ணாடி டம்ளரைத் தொட்டுடாதே! நேத்து மிஸ் டோரா போட்ட முட்டையைப் பார்த்து என்ன சொன்னே? "இது முட்டையா, இஞ்சிக்கிழங்கா? ஈஸ்டருக்கு இந்தக் கோழியவே சூப்பு வச்சிடு"ன்னே. அந்தக் கழுத்து வளைஞ்ச முட்டையத்தான் உடைச்சு, இன்னிக்குப் பெரிய வெள்ளியாச்சேன்னு, வருஷா வருஷம் குறி பார்க்கிற மாதிரி, விடியறதுக்கு முன்னாடி வெள்ளைக்கருவைத் தண்ணியில விட்டேன். வெயில் பட்டதும் எழும்புச்சு பாரு, எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல! சுவரு, கதவு, உச்சியில கோபுரம். சர்ச்சேதான்!

கப்பல் தெரிஞ்சா பயணம், சர்ச் தெரிஞ்சா கல்யாணம். உனக்குத் தெரியாததா? பத்தொன்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், "அடுத்த வருஷம் கட்டிக்கலாம்"னு சொல்லிட்டே இருக்கே. ஒரு கோணல் முட்டைக்கு இருக்கிற அவசரம் உனக்கு இல்லையேய்யா!

மெர்வா

பி.கு: போன வருஷம் டம்ளர்ல கப்பல் தெரிஞ்சப்போ, நான் எங்கேயாவது போயிடுவேனோன்னு பயந்து, கரண்டிய விட்டுக் கலக்கினியே. கொல்லையில நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன். உன்மேல இருந்த கோபமெல்லாம் அன்னிக்கே போச்சு.

இன்னொண்ணு: மத்தியானம் பாஸ்டர் சாப்பிட வர்றார். ஆமா, நான்தான் கூப்பிட்டேன். நல்ல சட்டையா மாட்டிக்கோ.

மீனைக் கையாலயே சாப்பிடு. வீட்டுல இருக்கிற கரண்டி அத்தனையும் என் பையில இருக்கு.