யார் அந்த மூத்த சகோதரி

சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை
18 ஆகஸ்டு 1937

அன்புள்ள மகள் சவரியம்மாளுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. ஊர் அடங்கிய பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள், பகலில் பள்ளிக்கூடமும் உன் தம்பியும் விடவில்லை. சர்வேசுரன் கிருபையால் இங்கே மூவரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் இந்தத் தடவை உன் கடிதத்தை நம்பி நிம்மதியாக இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியைப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, பினாங்குப் பக்கம் ஏதோ தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கப்பலேறப் போகிறேன் என்கிறாயே, அதை எழுதியிருக்கிற விதத்தைப் பார். விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடினேன், மேட்ரன் அம்மாள் விடுகிற குறட்டையில் தூக்கமில்லை என்று எழுதுகிற பிள்ளை, "அறிவுத்தாகம் கொண்ட சின்னஞ்சிறு விழிகள் நம்மை அழைக்கின்றன" என்று எழுதுகிறாய். அப்பா கேட்டுவிட்டு, இது நம்ம சவரி எழுதுனதா, யாரோ மேடையில பேசுற மாதிரியில்ல இருக்கு என்றார். நீ கடிதத்தோடு கூட அனுப்பிய சிறுபுத்தகத்தைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது, அந்த விழிகள் அப்படியே அதில் இருக்கின்றன.

பட்டணத்திலிருந்து எது வந்தாலும் உறையைப் பிரித்த கையோடு வாசலில் உட்கார்ந்து உரக்க வாசிப்பதுதான் நம் தெரு வழக்கம். முதலில் நான் படித்துக்கொள்கிறேன் என்றால் எதையோ மறைக்கிறாள் என்பார்கள். அதனால் நானும் அந்தப் புத்தகத்தை முன்கூட்டி ஒரு வரிகூடப் பார்க்காமல், வகுப்பில் வாசிக்கிற ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். எழுதியவருக்குப் பெயரில்லை, "உன் மூத்த சகோதரி" என்று மட்டும் போட்டிருக்கிறது. ஜெபமணி என்று ஒரு பெண் அழுதுகொண்டே கப்பலேறுகிறாள், தாய் கரையில் நிற்கிறாள், அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டுப் புத்தகம் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறது. ஜெபமணிக்கு என்ன ஆயிற்றோ என்று எல்லோரும் அசையாமல் இருந்தார்கள், நடுவில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு. முடிந்ததும் எதிர்வீட்டு முனியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக்கா நம்ம பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரியே இருக்கு டீச்சரம்மா, ஒங்க மக போறப்ப எங்க மக சின்னப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும், ஆயா வேலையாச்சும் பார்ப்பா என்றாள். மகளைப் பற்றி இவ்வளவு சுலபமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. எந்த ஊர், யாருடைய தோட்டம், யார் பொறுப்பில் தங்குவது, பிடிக்காவிட்டால் யார் திருப்பி அனுப்புவார்கள் என்று கேட்டேன். அதெல்லாந்தான் வாசிச்சீங்களே என்றாள். நானும் வாசித்ததாகத்தான் நினைத்திருந்தேன். திரும்பப் புரட்டினால் ஒன்றுமே இல்லை.

எங்கே தங்குவது என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிற இடத்தில், "தலைக்கு எண்ணெய் கிடைக்குமா என்றுதானே கேட்கிறாய் தங்கையே, கிடைக்கும்" என்று வருகிறது. சின்னக் கேள்வியைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிவிட்டால் பெரிய கேள்வி நமக்கு மறந்துபோகிறது. அப்புறம், கோழைப் பெண்கள் சந்தேகப்படுவார்களாம், நீ அப்படிப்பட்டவள் அல்லவாம். அதைப் படித்த பிறகு எந்தப் பெண்ணுக்குக் கேட்க வாய் வரும். காலேஜில் நான் படித்த நல்ல கட்டுரைகளும் கையைப் பிடித்துத்தான் கூட்டிக்கொண்டு போயின, ஆனால் எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கூட்டிப்போயின. எழுதியது பெண்தானா என்பதே எனக்குச் சந்தேகம். அடுப்படியில் நின்ற எவளும் அத்தனை நாள் கப்பலில் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்லாமல் விடமாட்டாள்.

இதையெல்லாம் முனியாயியிடம் சொல்லிப் பார்த்தேன். நீங்க வாசிக்கிறப்ப பொய்யாத் தெரியலையே, ஒங்க மக போனா உத்தியோகம், எங்க மக போனா மோசம் போறதா என்று கேட்டுவிட்டாள். பொன்னமராவதியில் சின்னப்பிள்ளைக்குப் பேசி வைத்திருந்த இடத்தையும் வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டாள். நான் சொல்லி இனி எடுபடாது, நீ சொன்னால்தான் உண்டு.

வெளியே போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. பதினேழு வயதில் உன்னைப் பெற்று, அக்காவிடம் விட்டுவிட்டுத் திருச்சியில் இண்டர்மீடியட் படித்தவள் நான். படிப்பை முடித்துவிட்டு எந்தச் சீமைக்கு வேண்டுமானாலும் போ. ஆனால் இந்தப் புத்தகத்தை விடுதிக்குக் கொண்டுவந்தது யார், மேட்ரன் அம்மாளுக்குத் தெரிந்து வந்தாரா, உன்னிடம் எதிலாவது கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா. இதற்கு மேலே அடித்திருக்கிற வரியைப் படிக்க முயலாதே. தம்பி காய்ச்சலில் உன் பெயரைச் சொன்னான் என்று எழுதியிருந்தேன். உண்மைதான், போன வாரமே சரியாகிவிட்டது. உன்னை உருகவைக்கத்தான் எழுதுகிறேன் என்று பட்டதும் அடித்துவிட்டேன்.

உன் பதிலையும் வாசலில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். முனியாயி வந்து உட்கார்ந்துவிடுவாள், சின்னப்பிள்ளை போவதும் நிற்பதும் அதைக் கேட்டுத்தான். அதனால் நான் கேட்டவற்றில் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் நீ பேசுகிற மாதிரியே எழுது. அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஈரத்தலையோடு படுக்காதே. என் கேள்விகளுக்கெல்லாம் விடை தெரியும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
அடைக்கலமேரி