ஜன்னல் விளிம்பில் ஒரு மூடி

ஜூன் 16, திங்கள்

மாத்தளையில் வெயில். ரத்தோட்டை தாண்டியதும் பனிமூட்டம், ரிவர்ஸ்டன் பக்கமிருந்து காற்று. குடை இரண்டு தடவை மறுபக்கம் விரிந்தது.

பையில்: குறிப்புப் புத்தகம், சோற்றுப் பார்சல், காலில் அட்டை ஏறினால் தேய்க்கச் சவர்க்காரத் துண்டு. கெமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

தோட்டப் பாடசாலை, எட்டாம் வகுப்பு. வகுப்பாசிரியை பரீனா டீச்சர் வரவு இடாப்பைத் திருப்பிக் காட்டினார். பிள்ளைகள் இருபத்தெட்டு. நிரோஷா ஒன்பது நாளாக வரவில்லை.

"ஒங்க பேப்பர்ல அந்தச் செய்தி வந்ததுக்குப் பொறகுதான், சேர்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். இரண்டாம் தவணை தொடங்கியபோது அங்கே போனது பாடசாலைக் காய்கறித் தோட்டம் பற்றி எழுத. இடைவேளை. ஜன்னல் விளிம்பில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியின் மூடி. பிள்ளைகள் கைகழுவப் போகிற போக்கில் ஆளுக்கொரு கரண்டி சோறு, கொஞ்சம் பருப்பு, அதில் வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பாடு கொண்டுவராத பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் பைப்படியில் நிற்கும் நேரம் பார்த்து. திரும்பி வந்தால் மூடி காலி. எடுத்தது யாரென்று கேட்பதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமும் இல்லை.

நான் வகுப்பறையிலேயே நின்றுவிட்டேன். எடுத்த பிள்ளையிடம் பெயர் கேட்டேன். நிரோஷா என்றாள். எழுதினேன். படமும். படத்தில் முதுகுதான், ஆனால் கீழே பெயர்.

செய்தியில் ஒரு பிழையும் இல்லை. எப்போதும்போல் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அதைப் படித்துவிட்டு டவுனிலிருந்து ஒரு சங்கம் வந்ததாம். ஒரு பொதி, அதைவிடப் பெரிய பேனர். நிரோஷாவை நடுவில் நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார்கள். அவள் பாடசாலைக்கு வந்தது அன்றுதான் கடைசி.

இப்போது மூடி வைப்பதில்லை. சாப்பாடு இல்லாத இன்னும் இரண்டு பிள்ளைகள் இடைவேளையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் உட்காருவதாக டீச்சர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தூறல். முழங்கால் வலி. பல்ப் வாங்க மறந்தாயிற்று.

பத்திரிகை ஆபீசிலிருந்து ஆசிரியர் போன். என் மகன் வயது.

"அண்ணே, அந்த மூடிப் புள்ள கதை நல்லாப் போச்சு. இப்ப எப்பிடி இருக்குன்னு தொடர்ச்சி ஒண்ணு குடுங்களேன்."

"தொடர்ச்சி இல்ல."

"ஏன், புள்ளைக்கு உதவி ஒண்ணும் கெடைக்கலையா?"

"கெடைச்சிச்சு. அதுதான் பிரச்சினை."

அவருக்கு விளங்கவில்லை. நானும் விளக்காமல் வைத்துவிட்டேன். தப்பு.

ஜூன் 19, வியாழன்

பாடசாலை விட்டதும் டீச்சரோடு மேல் லயத்துக்கு, தொழிலாளர் வீட்டு வரிசைக்கு. நிரோஷாவின் அம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நனைந்த சாக்கு வாசலில்.

"பேப்பர்காரரா? வாங்க, உக்காருங்க. சோறு தின்னுட்டுப் போங்க. எங்க வீட்டுலயும் சோறு இருக்கு. அதையும் எழுதுங்க."

மன்னிப்புக் கேட்டேன். அதைக் காதில் வாங்கிக்கொண்டே அவர் பால் விடாத தேயிலைச் சாயம் ஊற்றினார்.

"அந்தக் கெழம எனக்குக் காய்ச்சல், சேர். நாலு நாளு எந்திரிச்சு அடுப்பு மூட்ட முடியல. நாலே நாளு. அதப் போட்டீங்களா?"

போடவில்லை. நான் கேட்கவே இல்லை. பிழையில்லாத செய்தி.

ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை கண்டியிலிருந்து வருகிறாராம். மகளின் வயதைக் கூட்டிச் சொல்லித் துணிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட. "இவளும் போறேங்கிறா. இங்க மூஞ்சி காட்ட முடியாதுங்கிறா." நிரோஷாவுக்கு வயது பதின்மூன்று.

டீச்சர் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். திரைச்சீலை அசைந்தது. ஆள் வரவில்லை, குரல் மட்டும்.

"மூடிய யாரு எடுக்கிறான்னு யாருமே பாக்க மாட்டாங்க, டீச்சர். அவருதான் பாத்தாரு."

சாயத்தைக் குடித்தேன். இறங்கும்போது காலில் இரண்டு அட்டை.

வழியில் டீச்சர்: "நாளைக்கு வகுப்புல வந்து சொல்லுங்க, சேர். அந்தம்மாகிட்ட சொன்ன மாதிரியே."

ஜூன் 20, வெள்ளி

இருபத்தேழு பிள்ளைகள் முன்னால் நின்றேன். நான் அங்கே நின்று பார்த்தது தவறு, பெயர் கேட்டது தவறு, எழுதியதும் பாதிதான் என்றேன்.

வகுப்புத் தலைவி ஜீவா எழுந்தாள். "யாருன்னு எங்களுக்கும் தெரியாம இருந்திச்சு, சேர். இப்பத் தெரிஞ்சிருச்சு. மறக்கச் சொன்னா எப்பிடி மறக்கிறது?"

பின்வரிசையிலிருந்து: "வீட்டுப்பாடத்த மறக்கிறியே, அப்பிடி மறந்துரு."

சிரிப்பு. ஜீவாவும் சிரித்தாள். பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள். ஜன்னல் வழியே காதில் விழுந்தவை:

"எல்லாரு மூடியும் வைப்பம்."

"சாப்பாடு இருக்கிறவனும் மூடியிலதான் தின்னணும். வேற ஆளு மூடியில."

"ஐயோ, சுரேஷ் வீட்டுக் கருவாடு யாருக்கு மாட்டுதோ!"

ஞாயிறு காலை, சித்தி வருவதற்கு முன், லயத்துக்குப் போய் நிரோஷாவிடம் சொல்வார்களாம்.

"நீங்க வர வேணாம், சேர்" என்றார் டீச்சர்.

சரிதான்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். தேங்காய், பல்ப் வாங்கினேன். சட்டை இரண்டு தோய்த்தேன்.

ஆசிரியருக்குப் போன் செய்து முழுவதையும் சொன்னேன். இணையப் பக்கத்திலிருந்து பெயரையும் படத்தையும் எடுக்கச் சொன்னேன். "எடுத்துர்றேன், அண்ணே." எடுத்துவிட்டார், பார்த்தேன். வீடுகளில் கிடக்கும் பத்திரிகையை என்ன செய்வது.

டீச்சருக்குப் போன் செய்ய இரண்டு தடவை கையில் எடுத்தேன். கண்டி பஸ் பத்து மணிக்கே வந்திருக்கும். செய்யவில்லை.

ஜூன் 23, திங்கள்

கடும் காற்று. சோற்றைப் பார்சலாகக் கட்டவில்லை. அலுமாரியில் கிடந்த பெட்டியைக் கழுவி அதில் கொண்டுபோனேன். மூடி கொஞ்சம் நெளிந்தது.

பரீனா டீச்சர் இடாப்பில் குனிந்திருந்தார். நான் கேட்கவில்லை. நிமிராமலே சொன்னார்.

"இருபத்தெட்டு."

இடைவேளை மணி. விளிம்பில் மூடிகள் உரசும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. விளிம்பு போதாமல் மேசைமேலும். நானும் என் மூடியில் சோறு போட்டு வைத்தேன். எல்லாரும் பைப்படிக்குப் போனார்கள். இந்தத் தடவை நானும்.

தண்ணீர் ஐஸ் மாதிரி. வரிசையில் எனக்குப் பின்னால் ஒரு குரல்.

"சேர், கொஞ்சம் தள்ளுங்க. எங்களுக்கும் கழுவணும்."

வியாழக்கிழமை திரைச்சீலைக்குப் பின்னால் கேட்ட குரல்.

தள்ளி நின்றேன், மலையைப் பார்த்தபடி. திரும்பவில்லை.