துளை நான்கு, அளவு வேறு

அன்பு மகள் எல்சாவுக்கு,

குன்னூரில் மழை இன்னும் விட்டபாடில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, எனக்கு வாய்க்கொழுப்புத்தான் குறையவில்லை. நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பக்கத்து வீட்டுப் பையன் டெனின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பத்தாவதை மூன்று தடவையில் தாண்டியவன் எழுத்து, பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

அந்த வால்வு விஷயம்தான். நம் டீ ஃபேக்டரி பாய்லரிலிருந்து டிரையருக்குப் போகும் நீராவிக் குழாயில் வால்வு ஒழுகியது. புதுசு வந்தது. மூன்று அங்குலம். குழாய் முனையில் போல்ட் போடும் வட்டு, அந்தப் பழைய பிளாஞ்சில் நான்கு துளை, புதியதிலும் நான்கு. வெள்ளைக்காரன் காலத்துக் குழாய்க்கு வேறு அளவுமுறை என்று நான் யோசிக்கவே இல்லை. போல்ட் இறங்கவில்லை. துளைகளை அரத்தால் ராவி நீளமாக்கி, மாட்டி இறுக்கிவிட்டு, பெருமையாக உனக்கு வீடியோவில் காட்டினேன்.

பார்த்ததும் நீ, “அப்பா, பழசு வார்ப்பிரும்பு, முகம் மட்டமா இருக்கு. புதுசுக்கு நடுவுல மேடு இருக்கு. அழுத்தம் ஏறுனா ஓரம் ஒடஞ்சிருமுங்கப்பா. கழட்டிருங்க. இல்லாட்டி தண்ணி ஏத்திப் பாத்துட்டு ஆவி விடுங்க” என்றாய். சுற்றிலும் ஆட்கள். நானோ, “நீ பொறக்கறதுக்கு முந்தியே ஸ்பேனர் புடிச்சவன் நான். உன் இன்ஸ்பெக்சனை ஓமன்லயே வெச்சுக்க” என்றேன். போனை வைத்துவிட்டாய். இன்றோடு முப்பத்து நான்கு நாள்.

ஆவி திறக்கப் போனேன், கை போகவில்லை. எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கைப்பம்பால் தண்ணீர் ஏற்றினேன். ஓட வேண்டிய அழுத்தம் ஏழு கிலோ. ஐந்தைத் தொடுமுன்னே பழைய பிளாஞ்சின் ஓரம் பிஸ்கட் போல ஒடிந்து விழுந்தது. ஆவியாக இருந்திருந்தால் என் மூஞ்சிக்கு நேரே.

மேனேஜர் என் முன்யோசனையைப் பாராட்டித் தோளில் தட்டினார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். நேற்றுதான் எல்லோர் முன்னாலும், சொன்னது என் மகள் என்று ஒப்புக்கொண்டேன். என் ஹெல்ப்பர் மரியஅந்தோணி, “அது தெரியுமுங்கண்ணா, நீங்க கத்துனது கேண்டீன் வரைக்கும் கேட்டுச்சு” என்கிறான்.

அம்மா, “ஏனுங்க, புள்ளகிட்ட தப்புன்னு சொன்னா மீசை உதிந்துருமா?” என்றாள். தப்பு என்னுடையதுதான் எல்சா. மீசை இருக்கிறது.

ஒடிந்த பக்கம் புதிய அளவிலேயே பிளாஞ்ச் வைத்தாயிற்று. மறுபக்கத்துக்கு இப்போது ஒரு முனை பழைய அளவும் மறுமுனை புதிய அளவுமாக ஒரு துண்டுக் குழாய் செய்யக் கொடுத்திருக்கிறோம். எதிரெதிர்த் துளைகளுக்கு இடையே பழையது ஐந்தே முக்கால் அங்குலம், புதியது ஆறு. சரிதானா? இது உன் கைக்கு வருமுன் மாட்டி முடிந்திருக்கும். ஆனாலும் நீ சொன்னால் எனக்குத் தூக்கம் வரும்.

அந்தக் குழாயில் நான் போட்ட இணைப்புகள் இன்னும் பதினாறு உண்டு. எதெதற்கு அரம் பிடித்தேன் என்று ஞாபகமில்லை. எல்லாவற்றிலும் சாக்பீஸால் எண் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றைப் பார்க்கும்வரை ஆவி விடுவதில்லை, அதுவரை தேயிலை காய்வது பழைய விறகு டிரையரில்தான். கோயம்புத்தூர் ஆளைக் கூப்பிடட்டுமா என்று மேனேஜர் கேட்டார். அடுத்த மாதம் கிறிஸ்துமஸுக்கு என் மகள் வருவாள், அவள் பார்ப்பாள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். நீ இல்லாமல் மூன்று கிறிஸ்துமஸ் போய்விட்டதே.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கோபம் தீரவில்லை என்றால் பேச வேண்டாம். ஒரு மிஸ்டு கால் கொடு, போதும். வருகிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
ஹெர்பர்ட்